பத்து ஃபிகரா, ஒரே ஃபிகரா, இல்ல ஒரே ஃபிகர் பத்து தடவையா? மினியேச்சர் பெயின்டிங்ல கை முன்னேற எது சரி

தினமும் ராத்திரி சாப்பாடு முடிஞ்சு வீட்ல எல்லாரும் படுத்த பிறகு ஒம்பதரைல இருந்து பத்தரை வரைக்கும், எனக்குக் கிடைக்கிற நேரம் அவ்வளவுதான். வேலை, குடும்பம்னு இருக்கிற யாருக்கும் மினியேச்சர் பெயின்ட் பண்ண, அதாவது விரல் உயரச் சின்னச் சின்ன பொம்மைகளுக்கு (ஃபிகர்னு சொல்வோம்) கலர் குடுக்க, அதுக்கு மேல கிடைக்கிறது கஷ்டம். அந்த ஒரு மணி நேரத்தை எதுல போட்டா கை முன்னேறும்? பெட்டில இருக்கிற பத்து ஃபிகரையும் எடுத்து வச்சு வரிசையா அடிக்கிறதா, ஒரே ஒரு ஃபிகரை எடுத்து மாசக்கணக்கா உக்காந்து இழைக்கிறதா, ஒரே மாடலையே திரும்பத் திரும்ப பண்றதா, இல்ல தலையும் மார்பும் மட்டும் இருக்கிற பெரிய சைஸ் பஸ்ட்டுக்குப் போயிடறதா? நாலையும் நான் பண்ணிப் பாத்திருக்கேன், ஒவ்வொண்ணுக்கும் மாசக்கணக்கா நேரம் குடுத்திருக்கேன், அதனால இதுல எனக்குன்னு ஒரு முடிவு இருக்கு, அதைக் காரணத்தோட சொல்றேன்.

"தினமும் பண்ணு, தானா வரும்"னு நிறைய பேர் சொல்வாங்க. எனக்குத் தானா வரல. முதல் ரெண்டு வருஷம் தினமும்தான் பண்ணேன், நாப்பது நாப்பத்தஞ்சு ஃபிகர் முடிச்சிருப்பேன், அதுல பத்தாவதா பண்ணதையும் கடைசியா பண்ணதையும் பக்கத்து பக்கத்துல வச்சா எது முன்னாடி எது பின்னாடின்னு எனக்கே சொல்ல முடியல. கை எதையும் பழகிக்கும், நல்லதையும் பழகும் தப்பையும் பழகும், நான் ரெண்டு வருஷமா கெட்டியான பெயின்டை ஒரே மாதிரி கெட்டியா அப்பறதை நல்லா பழகி வச்சிருந்தேன்.

இதுல தேறணும்னா மூணு விஷயம் தேறணும்னு இப்போ நினைக்கிறேன். முதல்ல கை, அதாவது பிரஷ் நுனியை நினைச்ச இடத்துல வச்சு நினைச்ச இடத்துல எடுக்கறது. அடுத்து பதம். பாகு காய்ச்சறவங்க பதம் பாக்கற மாதிரிதான் இது, பேஸ் கோட்டுக்கு, அதாவது அடிக் கலருக்கு, நீர்மோர் மாதிரி இருக்கணும், கிளேஸுக்கு, அதாவது மேல லேசா படர விடற கோட்டுக்கு, அரிசி களைஞ்ச தண்ணி மாதிரி கலர் இருக்கா இல்லையான்னே தெரியாத அளவுக்கு இருக்கணும், பிரஷ்ல எவ்வளவு ஈரம் நிக்குதுங்கறதும் இதுல சேர்த்தி. கடைசியா கண்ணு. வெளிச்சம் மேல இருந்து விழுந்தா துணியோட எந்த மடிப்பு வெளுக்கும், எது இருட்டா இருக்கும், தோள்பட்டைல எங்க பளபளக்கும்னு பாக்கத் தெரியறது. நாலு வழியையும் ஒப்பிடும்போது இது கைக்கா, பதத்துக்கா, கண்ணுக்கான்னு கேட்டுப் பாத்தா பாதிக் குழப்பம் தீர்ந்துடும். உங்களுக்கு எது குறையுதுங்கறதைப் பொறுத்துதான் வழியே.

முதல்ல பேட்ச் பெயின்டிங். வார்ஹாமர் மாதிரி பொம்மைப் படைகளை மேஜைல வச்சு ஆடற கேம் ஆடறவங்க எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிக்கறாங்க, ஏன்னா அவங்களுக்குப் படை வேணும், ஒரு பெட்டில பத்து பேர் இருப்பாங்க, பத்து பேரும் ஒரே யூனிஃபார்ம். பத்துக்கும் பிரைமர் (பெயின்ட் பிடிக்கறதுக்கு அடியில போடறது), பத்துக்கும் பேஸ் கலர், அப்புறம் பத்து பெல்ட், பத்து பூட்ஸ், பத்து துப்பாக்கி, அதுக்கு மேல வாஷ் (பள்ளத்துல இறங்கி நிழல் குடுக்கற தண்ணிப் பெயின்ட்), அதுக்கு மேல ட்ரைபிரஷ் (கிட்டத்தட்ட காஞ்ச பிரஷ்ஷால மேடுகளை மட்டும் தேய்க்கறது), முடிஞ்சது. கைக்கு இதை விட நல்ல பயிற்சி கிடையாது, இதை மனசாரச் சொல்றேன். முதல் ஃபிகரோட பெல்ட்ல பெயின்ட் மேலயும் கீழயும் வழியும், ஏழாவது ஃபிகருக்கு வரும்போது கோடு போட்ட மாதிரி நிக்கும், அந்த வித்தியாசத்தை ஒரே ராத்திரில கண்ணால பாக்கலாம்.

மதுரை பக்கத்துல விளாச்சேரில கொலு பொம்மை பண்ற இடத்துக்கு ஒரு தடவை போயிருந்தேன். ஒரு வரிசை முழுக்க ஒரே பொம்மை, ஒருத்தர் புடவைக் கலரை மட்டும் வரிசையா குடுத்துட்டே போறார், அதுக்குப் பின்னாடி வேற ஒருத்தர் பார்டர், கண்ணு எழுதறதை மட்டும் கை பழகின ஒரு அம்மா தனியா உக்காந்து பண்ணிட்டு இருந்தாங்க. ஒரு கண்ணுக்கு மூணே இழுப்பு. ரொம்ப நேரம் அங்கேயே நின்னு பாத்தேன். நம்ம பேட்ச் பெயின்டிங்கும் இதே முறைதான், ஆனா அங்க ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், மாசக்கணக்கா, பக்கத்துல தப்பைப் பாத்தா சொல்றதுக்கு அனுபவம் உள்ளவங்க வேற இருக்காங்க. நமக்கு ஒரு மணி நேரம், தனியா.

இதுலதான் பேட்ச்சோட குறை வருது. ஒரு ஃபிகருக்கு மூணு மணி நேரம்னு வச்சா பத்துக்கு முப்பது மணி நேரம், அதாவது சரியா ஒரு மாச ராத்திரி. அந்த மாசத்துல வாஷ் போடறது ஒரே ஒரு ராத்திரிதான் வரும். வாஷை அதிகமா விட்டுட்டேன், பள்ளத்துல தேங்கிக் காஞ்சு ஓரத்துல காபி டம்ளர் கறை மாதிரி வளையம் வந்துடுச்சுன்னு கண்டுபிடிக்கறது மறுநாள் காலைல, பத்து ஃபிகர்லயும் அதே வளையம், அடுத்த சான்ஸ் அடுத்த பெட்டி வாங்கும்போதுதான், அதுக்குள்ள என்ன தப்பு பண்ணேன்னே மறந்து போயிடும். பேட்ச்ல ஒரு வேலை பத்து தடவை வருதுன்னு தோணும், நிஜத்துல ஒரு தடவைதான் வருது, நீளமா வருது.

இதுக்கு ஒரு பழைய ஆராய்ச்சி இருக்கு. 1979ல ஷே, மார்கன்னு ரெண்டு பேர் பண்ணது, பெயின்டிங்குக்குச் சம்பந்தமில்லை, கைல டென்னிஸ் பந்தை எடுத்துக்கிட்டு சின்னச் சின்ன மரத்தடுப்புகளை ஒரு குறிப்பிட்ட வரிசைல தட்டிச் சாய்க்கணும், அப்படி மூணு வரிசை. ஒரு குழு முதல் வரிசையை முழுசா பழகிட்டு அப்புறம் ரெண்டாவது, அப்புறம் மூணாவதுன்னு போச்சு. இன்னொரு குழுவுக்கு மூணையும் கலந்து கலந்து குடுத்தாங்க. பழகும்போது முதல் குழுதான் வேகம், ஆனா 10 நாள் கழிச்சு வச்சுப் பாத்தா கலந்து பழகினவங்க முந்திட்டாங்க. கை அசைவுல பாத்தது அப்படியே பிரஷ்ஷுக்கும் பொருந்தும்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா என் அனுபவம் அச்சு அசல் இதுதான்: பத்தாவது பெல்ட் போடும்போது கை பறக்கும், ஒரு மாசம் கழிச்சு அடுத்த பெட்டியோட முதல் பெல்ட்ல மறுபடி வழியும்.

அதனால பேட்ச் வேண்டாம்னு இல்ல, பேட்ச்சைச் சின்னதாக்கணும். இதுக்கு அப்புறம் வரேன்.

ரெண்டாவது வழி இதுக்கு நேர் எதிர், ஒரே ஃபிகர், அதுக்கு உயிரைக் குடுக்கறது. மினியேச்சர் உலகத்துல இதுக்குப் பெரிய மரியாதை உண்டு. வார்ஹாமரை வெளியிடற கேம்ஸ் ஒர்க்ஷாப் கம்பெனி 1987ல ஆரம்பிச்ச கோல்டன் டீமன் பெயின்டிங் போட்டில மொத்தத்துலயும் முதலா வர்றவருக்கு ஒரு நிஜ வாளே குடுக்கறாங்க, ஸ்லேயர் ஸ்வோர்டுன்னு பேர். அந்த மேடைக்குப் போற ஃபிகர்களைப் பாத்தா யாருக்கும் ஆசை வரும், தங்கப் பெயின்டே இல்லாம மஞ்சள், பிரவுன், வெள்ளையை மட்டும் வச்சு தங்கக் கவசம் பளபளக்கற மாதிரி பண்ணியிருப்பாங்க. எனக்கும் ஆசை வந்தது. 75 மி.மீ. உயர ஃபிகர் ஒண்ணு வாங்கி ரெண்டரை மாசம் பண்ணேன்.

நல்லதை முதல்ல சொல்லிடறேன். கிளேஸ்னா என்னன்னு எனக்குப் புரிஞ்சது அந்த ஃபிகரோட அங்கில, முதுகுப் பக்கம் பெரிய மடிப்பா தொங்கும். ஒரு சொட்டு பெயின்டுக்கு எட்டு சொட்டு தண்ணி, பிரஷ்ஷை அதுல தோய்ச்சு அப்படியே வைக்கக்கூடாது, டிஷ்யூல ஒரு தடவை ஒத்தணும், ஒத்தின பிறகு பிரஷ்ல ஈரம் இருக்கணும் ஆனா சொட்டு இருக்கக்கூடாது. நிழல் கலரை வெளிச்சத்துல இருந்து நிழலை நோக்கி இழுக்கணும். ஏன்னா பிரஷ் எங்க முடிஞ்சு மேல எழும்புதோ அந்த இடத்துலதான் கலர் அதிகமா படியும். இந்த ஒரு விஷயம் தெரியாம நான் நிழல்ல இருந்து வெளிச்சத்துக்கு இழுத்துட்டு இருந்தேன், ஹைலைட், அதாவது வெளிச்சம் விழற இடத்து மேலயே கறையா படிஞ்சுட்டு இருந்தது, காரணமே புரியாம மூணு ராத்திரி போச்சு. திசையை மாத்தினதும் அந்த மடிப்பு அப்படியே பட்டுத்துணி மாதிரி இறங்கிச்சு. இதெல்லாம் பேட்ச்ல கத்துக்கவே முடியாது, பேட்ச்ல ஒரு மடிப்புக்கு மூணு ராத்திரி யார் குடுப்பா.

ஆனா ஒரு மாசம் தாண்டினதும் வேற ஒண்ணு நடந்தது. நான் புதுசா எதையும் ட்ரை பண்றதை நிறுத்திட்டேன். நாப்பது மணி நேரம் போட்ட ஃபிகர், கெட்டுப் போயிடுமோன்னு பயம், அதனால தெரிஞ்சதை மட்டும் பத்திரமா பண்ணிட்டு இருந்தேன். முகம் ஒண்ணுதான், அதைக் கலைச்சுட்டு மறுபடி பண்ண மனசு வரல. பயிற்சிங்கறது தப்பு பண்ற உரிமையோட வரணும், இங்க அந்த உரிமை போயிடுச்சு.

முடிவுல பெயின்டைப் பாதுகாக்க மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்ப்ரே அடிச்சேன், அது நவம்பர், வெளில மூணு நாளா மழை. மொட்டை மாடில தாழ்வாரத்துல வச்சு ரெண்டு தடவை அடிச்சுட்டு உள்ள கொண்டு வந்தேன், பத்து நிமிஷத்துல ஃபிகர் முழுக்க வெள்ளையா பனி படிஞ்ச மாதிரி ஆயிடுச்சு. காத்துல ஈரம் அதிகமா இருந்தா மேட் வார்னிஷ் இப்படி வெளுக்கும், எனக்கு அப்போ தெரியாது. மேல பளபளக்கற வார்னிஷை பிரஷ்ல போட்டுப் பாத்தேன், முக்கால்வாசி திரும்பக் கிடைச்சது, அங்கியோட ஆழமான மடிப்புல இன்னும் வெள்ளை நிக்குது. ரெண்டரை மாசத்தையும் ஒரே ஃபிகர்ல வச்சா இப்படி ஒரே நாள்ல எல்லாம் ஆட்டம் காணும். அது எனக்கு ரொம்ப நாள் வலிச்சது.

மூணாவது வழிக்கு நான் வந்தது இதுக்கு அப்புறம்தான், இதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்றேன். ஒரே ஸ்கல்ப்ட், அதாவது ஒரே உருவ வடிவம், அச்சு அசலா அதே ஃபிகர், மூணு காப்பி, ஒண்ணு முடிச்சுட்டு அடுத்தது. முன்னாடி இதுக்கு அதே பெட்டியை மூணு தடவை வாங்கணும், இப்போ ரெசின் 3டி பிரின்ட் வந்த பிறகு அதே ஃபைலை எத்தனை வேணா பிரின்ட் எடுத்துக்கலாம், நம்ம ஊர்லயே பிரின்ட் பண்ணிக் குடுக்கறவங்க இருக்காங்க. பிரின்ட்டை நல்லா கழுவி க்யூர் பண்ணி (UV வெளிச்சத்துல இறுக வச்சு) குடுத்திருக்காங்களான்னு மட்டும் தொட்டுப் பாருங்க, பிசுபிசுன்னு இருந்தா பிரைமர் பிடிக்காது.

இதுல என்ன விசேஷம்னா, ஃபிகர் மாறாததால மாறினது எல்லாமே நீங்கதான். வேற வேற ஃபிகர் பண்ணும்போது "இது நல்லா வந்திருக்கே"ன்னு தோணும், ஆனா வந்தது கை முன்னேறினதாலயா, இந்த ஸ்கல்ப்ட் சுலபமா இருந்ததாலயா, கலர் அப்படி அமைஞ்சதாலயான்னு பிரிக்க முடியாது. அதே மூக்கு, அதே மடிப்பு, அதே வாளா இருந்தா ஒளிஞ்சுக்க இடமே இல்ல. நான் ஒவ்வொரு ஃபிகரும் நிக்கிற பேஸ் தட்டுக்கு அடியிலயும் மார்க்கர்ல தேதியும் அந்தத் தடவை என்ன ட்ரை பண்ணேன்னு ஒரு வார்த்தையும் எழுதறேன். "கிளேஸ்", "கண்", "மஞ்சள்" இப்படி. ஒரு காப்பிக்கு ஒரு விஷயம்தான், ரெண்டு வேண்டாம். அப்புறம் ஒரே லைட்டுக்கு அடியில மூணையும் நிக்க வச்சு போன்ல போட்டோ. போட்டோல பெரிசாக்கிப் பாத்தா கண்ணுக்குத் தெரியாத கெட்டிப் பெயின்ட் எல்லாம் சுவத்துல சுண்ணாம்பு உரிஞ்ச மாதிரி தெரியும், அதுதான் அடுத்த காப்பிக்குப் பாடம்.

போரடிக்காதான்னு கேப்பீங்க. கலரை மாத்தினா அடிக்காது, அதோட ஒவ்வொரு கலரும் ஒரு தனி வாத்தியார். என் முதல் காப்பி சிவப்பு அங்கி, வெள்ளை கலந்து ஹைலைட் பண்ணேன், ரோஸ் கலராகிப் போச்சு. சிவப்புக்கு ஆரஞ்சுதான் கலக்கணும், கடைசில தோல் கலர்ல ஒரு துளி. ரெண்டாவது மஞ்சள். மஞ்சளுக்கு மூடற சக்தி கம்மி, கறுப்பு பிரைமர் மேல எத்தனை கோட் குடுத்தாலும் திட்டுத் திட்டா நிக்கும், அடியில வெளிர் பிரவுன் இல்லன்னா ரோஸ் குடுத்துட்டு மேல போட்டா ரெண்டே கோட்ல உக்காரும், நிழலுக்குக் கறுப்பு கலந்தா பச்சையாகும், காவி இல்லன்னா பிரவுன் கலக்கணும். மூணாவது வெள்ளை, அதைப் பத்தித் தனியா எழுதலாம், சுருக்கமா சொன்னா வெள்ளைத் துணியை வெள்ளைல ஆரம்பிக்கக் கூடாது, சாம்பல்ல ஆரம்பிச்சு உச்சிக்கு மட்டும் வெள்ளையை மிச்சம் வைக்கணும். மூணு அங்கியும் இப்போ என் ஷெல்ஃப்ல வரிசையா நிக்குது. முதல் அங்கில மடிப்போட ஓரத்துல பிரஷ் கோடு தெரியும், ரெண்டாவதுல கோடு போயிடுச்சு ஆனா நிழல் பயந்து பயந்து வந்திருக்கும், மூணாவதுல நிழல் நல்லா ஆழமா இறங்கியிருக்கும். நாலு மாச வேலை. முன்னாடி ரெண்டு வருஷத்துல கிடைக்காதது.

கெட்டுப் போனா என்னங்கற பயமும் இதுல போயிடும், ஏன்னா காப்பி இன்னொண்ணு இருக்கு. பிளாஸ்டிக், மெட்டல் ஃபிகரா இருந்தா பெயின்டை முழுசா எடுத்துட்டு மறுபடி ஆரம்பிக்கவும் செய்யலாம். நம்ம வீட்ல இருக்கிற பிரவுன் டெட்டாலே போதும், தண்ணி கலக்காம ஒரு மூடி போட்ட பாட்டில்ல ஊத்தி ஃபிகரை ஒரு நாள் ஊற வச்சுட்டு பழைய டூத்பிரஷ்ஷால தேய்ச்சா தோல் மாதிரி உரிஞ்சு வரும். ஒண்ணே ஒண்ணு, தேய்க்கும்போது தண்ணி காட்டிடாதீங்க, டெட்டாலும் பெயின்டும் தண்ணியும் சேர்ந்தா தார் மாதிரி ஒட்டிக்கும், அப்புறம் மடிப்புக்குள்ள இருந்து எடுக்கவே முடியாது. டெட்டால்லயே தேய்ச்சு, டிஷ்யூல துடைச்சு, எல்லாம் போன பிறகுதான் சோப்புத் தண்ணி. கையில கிளவுஸ், ஜன்னல் திறந்திருக்கணும். ரெசின் ஃபிகர்ல இதைப் பண்ண வேண்டாம், இளகிப் போற வாய்ப்பு இருக்கு.

குறை இல்லாம இல்ல. கேம் ஆடணும்னு வாங்கினவங்களுக்கு ஒரே ஆள் மூணு பேர் நின்னா உதவாது. அதோட ஒரே ஸ்கல்ப்ட்டை அஞ்சு தடவைக்கு மேல பண்ணா கை அந்த ஃபிகருக்கு மட்டும் பழகிடும், எந்த மடிப்பு எங்க இருக்குன்னு மனப்பாடம் ஆயிடும், கண்ணு வேலை செய்யறதை நிறுத்திடும். எனக்கு நாலாவதுலயே அது தெரிஞ்சது. மூணோட நிறுத்திட்டு வேற ஸ்கல்ப்ட் மாத்தறது நல்லது.

நாலாவது பஸ்ட். தலையும் மார்பும் மட்டும், பெரும்பாலும் நிஜ ஆளோட பத்துல ஒரு பங்கு இல்லன்னா பன்னெண்டுல ஒரு பங்கு சைஸ். கேம்ல வர்ற ஒரு 28 மி.மீ. உயர ஃபிகர்ல முகம் மொத்தமே ஒரு பச்சைப்பயறு அளவு, பத்துல ஒரு பங்கு பஸ்ட்ல தலை நெல்லிக்காய் அளவு வரும், ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல. பயறுல கண்ணுன்னா ஒரு கோடும் ஒரு புள்ளியும், நெல்லிக்காய்ல இமை, கருவிழி, கண்ணோர ஈரம், கீழ் இமையோட சிவப்பு எல்லாம் வேணும். தோல் ஒரே கலர் இல்லங்கறதை இதுல கத்துக்கற மாதிரி வேற எதுலயும் முடியாது. நெத்திப் பக்கம் கொஞ்சம் மஞ்சள், கன்னம் மூக்கு காதுல ரத்த ஓட்டம் அதிகம்ங்கறதால சிவப்பு, தாடை மோவாய்ல தாடி இருக்கிற ஆம்பளைங்களுக்குக் கொஞ்சம் நீலம் கலந்த சாம்பல்.

ஒரு விஷயம் சொல்லணும். கடைல கிடைக்கிற ஸ்கின் டோன் செட் நிறையதுல பாதிக்கு மேல வெள்ளைக்காரத் தோலுக்கானது. நம்ம மாதிரி மாநிறத்தையும் கறுப்பையும் பண்றதுக்கு "பிரவுன் போட்டு மேல கொஞ்சம் வெளிர் பிரவுன்"னு முடிச்சுடறாங்க, அப்படிப் பண்ணா மரப்பாச்சி மாதிரி உயிரில்லாம இருக்கும். கறுத்த தோல்ல வெளிச்சம் பளிச்சுன்னு சின்ன இடத்துல விழும், நெத்தி, மூக்குத் தண்டு, கன்ன எலும்பு, கீழ் உதட்டுல. அடியில சிவப்பு கலந்த அடர் பிரவுன், நிழலுக்கு அதுல கொஞ்சம் நீலமோ ஊதாவோ, மேல வர வர காவி, அந்தப் பளிச் இடங்களுக்கு மட்டும் கொஞ்சம் குளிர்ச்சியான வெளிர் கலர். நான் முதல்ல எங்க தாத்தாவோட பழைய போட்டோவைப் பக்கத்துல வச்சுத்தான் இதைப் பண்ணேன். பஸ்ட் எனக்குக் குடுத்ததுலயே பெரிசு அந்தக் கண்ணுதான், அதுக்கப்புறம் பஸ்ல எதிர்ல உக்காந்திருக்கறவங்க முகத்துல வெளிச்சம் எங்க விழுதுன்னுதான் பாக்கறேன்.

ஆனா ஆரம்பத்துலயே பஸ்ட்டுக்குப் போகாதீங்க. பெரிய பரப்பு, ஒரு சின்ன திட்டும் மறையாது, பதம் வராதவங்க கைல அது பெரிய தண்டனை. விலையும் அதிகம். அதோட ரெண்டாவது வழில சொன்ன அதே பயமும் கூடவே வரும். சின்ன ஃபிகர்ல தேவைப்படற கை நிதானமும் இதுல வளராது, பஸ்ட்லயே ஒரு வருஷம் இருந்துட்டு 28 மி.மீ.க்குத் திரும்பி வந்தப்போ எனக்குப் பெல்ட் வழிஞ்சது.

இடைல கான்ட்ராஸ்ட் வகைப் பெயின்டைப் பத்திக் கேக்கறவங்களுக்கு: 2019ல கேம்ஸ் ஒர்க்ஷாப்போட பெயின்ட் பிராண்டான சிட்டாடல் கொண்டு வந்தது, ஒரே கோட்ல மேட்டுல வெளிறியும் பள்ளத்துல அடர்த்தியாவும் தானா ஓடி நிக்கும். 2022ல ஆர்மி பெயின்டர் கம்பெனியோட இதே வகை ஸ்பீட்பெயின்ட் வந்தது, அதோட முதல் வகை காஞ்ச பிறகும் மேல ஈரம் பட்டா மறுபடி கரையும், 2023ல வந்த ரெண்டாவது வகைல அதைச் சரி பண்ணிட்டாங்க. படையைச் சீக்கிரம் மேஜைக்குக் கொண்டு வர இது அருமையான பொருள். பயிற்சியா பாத்தா பதத்தைப் பெயின்டே பாத்துக்கறதால உங்களுக்குப் பதம் வராது. ஆனா இதுக்காகப் பண்ற ஜெனித்தல் பிரைமிங்கை மட்டும் விட்டுடாதீங்க, முழுக்கக் கறுப்பு பிரைமர், அதுக்கு மேல உச்சில இருந்து மட்டும் வெள்ளை. வெயில் உச்சில நின்னா எப்படி விழுமோ அப்படியே வெள்ளை படிஞ்சு நிக்கும், எந்த வழில போனாலும் முதல்ல அதை ஒரு போட்டோ எடுத்து வச்சுக்குங்க, வெளிச்சம் எங்கன்னு சந்தேகம் வரும்போதெல்லாம் பதில் அதுல இருக்கு.

வீடியோ பாக்கறதும் கிளாஸ் போறதும் நல்லதுதான், ஆனா ஒரு மணி நேரத்துல நாப்பது நிமிஷம் வீடியோன்னா அது பயிற்சி ஆகாது. சாப்பிடும்போது பாத்துக்கலாம்.

சரி, யாருக்கு எது. கேமுக்குப் படை வேணும், இன்னும் மூணு மாசத்துல ஆடணும்னா கான்ட்ராஸ்ட் பெயின்டும் பேட்ச்சும், தயங்கவே வேண்டாம், ஆனா பத்தா எடுக்காதீங்க, மூணு மூணா எடுங்க. மூணுன்னா ஒம்பது ராத்திரில முடியும், பத்தாவது ராத்திரி மறுபடி பேஸ் கோட், வாஷ்ல பண்ண தப்பு மனசுல இருக்கும்போதே அடுத்த வாஷ் வந்துடும். மூணும் முடிஞ்சு நிக்கறதைப் பாக்கற சந்தோஷமும் மாசத்துக்கு மூணு தடவை கிடைக்கும். நாலஞ்சு வருஷமா பண்றீங்க, கை நிதானமா இருக்கு, பெயின்ட் சீரா உக்காருது, ஆனா ஃபிகர் தட்டையா தெரியுதுன்னா உங்களுக்குக் குறையறது கண்ணு, ஒரு பஸ்ட் வாங்கிக்குங்க. போட்டிக்கு அனுப்பணும்னு கனவு இருக்கிறவங்க அந்த ஒரே ஃபிகரை எடுக்கறதுக்கு முன்னாடி அதே மாதிரி அங்கியும் முகமும் இருக்கிற ஒரு விலை கம்மியான ஸ்கல்ப்ட்டை மூணு தடவை பண்ணிட்டு அப்புறம் எடுங்க, போட்டி ஃபிகர்ல பயம் பாதியா குறையும். மத்த எல்லாருக்கும், முக்கியமா ஆரம்பிச்சு ஒண்ணு ரெண்டு வருஷம் ஆகி "நானும் தினமும் பண்றேன், நகரவே மாட்டேங்குது"ன்னு நொந்து போய் இருக்கிறவங்களுக்கு, ஒரே ஸ்கல்ப்ட் மூணு தடவைதான் என் பதில். உங்க குறை பெரும்பாலும் பதம், அது ஒண்ணையே பக்கத்து பக்கத்துல வச்சுப் பாத்தாதான் பிடிபடும்.

ஸ்கல்ப்ட் தேர்ந்தெடுக்கும்போது முகம் மூடாம இருக்கணும், ஹெல்மெட் வேண்டாம். பெரிய மடிப்போட ஒரு அங்கியோ போர்வையோ இருக்கணும், வாளோ கேடயமோ ஒரு உலோகச் சாமான் இருக்கணும், கொஞ்சம் தோல் பெல்ட் இருந்தா நல்லது. கொக்கியும் மணியும் சங்கிலியுமா நெரிசலா இருக்கிறதை எடுக்காதீங்க, மூணாவது காப்பில வெறுத்துடும். பிரஷ்ஷுக்கு ஜீரோ ஜீரோ ஜீரோங்கற ரொம்பச் சின்ன சைஸைத் தேடிப் போக வேண்டாம், பிரஷ்ஷோட வயித்துல பெயின்ட் நிக்காம நுனிக்கு வர்றதுக்குள்ள காஞ்சுடும், கூர் நிக்கிற நல்ல கோலின்ஸ்கி (ஒரு வகை மரநாய்) முடியில ஒண்ணாம் நம்பர் ஒண்ணு போதும், கண்ணு கூட அதுலயே எழுதலாம். வெயில் காலத்துல ஃபேனுக்கு அடியில தட்டுல வச்ச பெயின்ட் ரெண்டு நிமிஷம் தாங்காது, அதனால டிஃபன் பாக்ஸ்ல ஈர ஸ்பாஞ்ச் போட்டு மேல கேக் ட்ரேக்குப் போடற பட்டர் பேப்பரை விரிச்சா அதுதான் வெட் பேலட், ராத்திரி மூடி வச்சா மறுநாளும் பெயின்ட் அப்படியே இருக்கும், ரெண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணியை மாத்திடுங்க, பூஞ்சை வரும்.

பிரைமர் மட்டும் மூணு காப்பிக்கும் ஒரே நாள்ல போட்டு வச்சுடுங்க, அப்போதான் மூணுக்கும் அடித்தளம் ஒண்ணா இருக்கும். நல்லா வெயில் அடிக்கிற காஞ்ச நாளாப் பாத்து காலைல பத்து பதினோரு மணிக்கு மாடில அடிக்கலாம். மழைக்காலமா இருந்தா ஸ்ப்ரே கேனைத் தொடவே தொடாதீங்க, பிரஷ்ல போடற பிரைமரை மெல்லிசா ரெண்டு கோட் குடுத்து ராத்திரி காய வச்சா மறுநாள் ஒம்பதரைக்கு முதல் காப்பி ரெடியா இருக்கும்.